கிளட்சும் பயமும் – ஒரு கடிதம்

வணக்கம்.

போன மாதக் கட்டுரை ஒன்றில், 38 வயதில்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டதாகப் போகிறபோக்கில் ஒரு வரி சொல்லியிருந்தீர்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்தக் கடிதம்.

எனக்கு 43 வயது. டிரைவிங் ஸ்கூலில் பதினாறு வகுப்பு முடித்துவிட்டேன். அங்கே வண்டி ஓரளவு ஒழுங்காகப் போகிறது. வீட்டு வண்டியை எடுத்தால் சிக்னலுக்குச் சிக்னல் ஆஃப் ஆகிவிடுகிறது. பின்னால் ஹாரன் அடிக்க ஆரம்பித்ததும் கை நடுங்குகிறது. அப்புறம் எது கிளட்ச், எது பிரேக் என்றே தெரிவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கணவர் "பாத்து, பாத்து" என்று கத்துவார். எதைப் பார்ப்பது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. டெஸ்ட்டில் ஒருமுறை தோற்றாயிற்று. என்னோடு சேர்ந்து தொடங்கிய 18 வயது மகன் மூன்றே வாரத்தில் தயாராகி, முதல் டெஸ்ட்டிலேயே லைசென்ஸ் வாங்கிவிட்டான்.

கற்றுத்தருகிறவர், "பயம் போனால் வண்டி தானாக வந்துவிடும்" என்கிறார். பயம் போகிற வழியைக் காணோம். இந்த வயதுக்கு மேல் இது வருமா? இல்லை, விட்டுவிடலாமா?

க.

*

அன்புள்ள க.,

விட்டுவிட வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்டதற்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இரண்டு இடத்தில் இருக்கிறது. ஸ்கூல் வண்டி ஓடுகிறது, வீட்டு வண்டி நிற்கிறது என்கிறீர்களே, அது ஒன்று. எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை என்கிறீர்களே, அது இன்னொன்று.

முதலாவது சுலபமானது. ஸ்கூல் வண்டியில் கற்றுத்தருகிறவர் பக்கமும் பெடல் வைத்திருப்பார்கள். பிரேக் இருக்கும், பல வண்டிகளில் கிளட்சும் இருக்கும். அடுத்த வகுப்பில் கிளம்புவதற்கு முன்னால் அவர் கால் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வண்டி ஆஃப் ஆகப்போகிறது என்று தெரிந்த கணமே அந்தக் கால் கிளட்சை அமுக்கிவிடும். வேண்டுமென்று செய்வதில்லை, பல வருடப் பழக்கம் அது. எனக்கு இது பதினெட்டாவது வகுப்பில்தான் தெரிந்தது. அதுவரை வண்டி என் காலில் கிளம்பிக்கொண்டிருந்ததாகவே நம்பியிருந்தேன். அன்றைக்கு வந்த வருத்தம் இன்னும் நினைவிருக்கிறது. அதனால் அவரிடம் நேரடியாகக் கேட்டுவிடுங்கள்: "இன்றைக்குக் கிளட்சை நீங்கள் தொட வேண்டாம், ஆஃப் ஆனால் ஆகட்டும்." ஆஃப் ஆகட்டும். நாலைந்து முறை ஆனால்தான் காலுக்குப் புரியும்.

எதனால் ஆஃப் ஆகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி பதற்றம் குறைந்துவிடும். வண்டி நிற்கும்போதும் என்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்று சுற்றிக்கொண்டிருக்கிறது. சக்கரம் அசையாமல் நிற்கிறது. சுற்றுகிற ஒன்றையும் நிற்கிற ஒன்றையும் சட்டென்று கோத்தால் இரண்டில் ஒன்று தோற்க வேண்டும். என்ஜின் தோற்கிறது. கிளட்ச் பிளேட் கொஞ்சம் வழுக்கி, தேய்ந்து, அப்புறம் மெல்லப் பிடித்துக்கொள்வதற்கு உங்கள் இடது கால் நேரம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பிடிக்கிற இடம் வண்டிக்கு வண்டி மாறும். ஒன்றில் பெடல் பாதி ஏறும்போதே பிடிக்கும், இன்னொன்றில் முக்கால்வாசி வந்தபிறகு பிடிக்கும். ஸ்கூல் வண்டியின் இடத்தைத்தான் உங்கள் கால் தெரிந்துவைத்திருக்கிறது, அதுவும் அரைகுறையாக.

வீட்டு வண்டியை ஒரு விடியற்காலையில் சமதளமான, ஆளில்லாத இடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். குதிகாலைத் தரையில் ஊன்றிக்கொள்ளுங்கள். கிளட்சை முழுதாக அமுக்கி, ஃபர்ஸ்ட் கியர் போட்டு, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிடுங்கள். ஆக்சிலேட்டரைத் தொடவே வேண்டாம். இனி கிளட்சை ஒரு நூல் அளவு, இன்னொரு நூல் அளவு என்று விடுங்கள். ஓர் இடத்தில் என்ஜின் சத்தம் கொஞ்சம் கனக்கும், கியர் லீவரில் மெல்லிய அதிர்வு வரும். அங்கேயே காலை நிறுத்துங்கள். வண்டி நடக்கிற வேகத்தில் தானே நகரும். பத்தடி போனதும் கிளட்சை அமுக்கி, பிரேக் பிடித்து நிறுத்துங்கள். மறுபடி அதே. முப்பது முறை செய்யுங்கள். எனக்கு இருபது நிமிடம்கூட ஆகவில்லை, மூன்று மாதமாக வராதது அன்றைக்கு வந்தது. ஆக்சிலேட்டர் வேண்டாம் என்பதுதான் இதில் விஷயம், இரண்டு கால்களுக்கும் ஒரே நேரத்தில் வேலை கொடுப்பதால்தான் குழப்பமே வருகிறது.

ஹாரனுக்கு ஒன்று சொல்கிறேன். ஆஃப் ஆனதும் செய்ய வேண்டியது: பிரேக், கிளட்ச், நியூட்ரல், சாவி. இதை இதே வரிசையில் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். நாலைந்து விநாடிக்கு மேல் ஆகாது. பின்னால் இருப்பவர் அந்த நாலைந்து விநாடி காத்திருக்கட்டும். கிளட்ச் எந்தக் காலத்திலும் உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால் ஆட்டோமேட்டிக் எடுத்துக்கொள்ளுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் சில நாடுகளில் ஆட்டோமேட்டிக்கில் டெஸ்ட் கொடுத்தவர்களுக்கு அந்த வண்டிக்கு மட்டும்தான் லைசென்ஸ், அதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

சரி, இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இதுதான் முக்கியம்.

1972இல் மூரன்ட், ராக்வெல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், புதிதாக ஓட்டுகிறவர்களின் கண் எங்கே போகிறது, பழகினவர்களின் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பதிவுசெய்தார்கள். சிறிய ஆய்வுதான், ஆனால் கற்றுத்தருகிற எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. புதியவர்களின் பார்வை வண்டிக்கு முன்னால் கொஞ்ச தூரத்திலேயே விழுந்து கிடந்தது, சின்ன இடத்துக்குள்ளேயே சுற்றியது, கண்ணாடிகளுக்குக் குறைவாகவே போனது. பழகினவர்களின் பார்வை தொலைவுக்குப் போய்ப் பரவியது. "பாத்து, பாத்து" என்று யாராவது கத்தும்போது நமக்கு என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கண் இன்னும் கிட்டே வந்துவிடுகிறது. பானட்டின் நுனியையே பார்க்க ஆரம்பிக்கிறோம். எல்லாம் நம்மை நோக்கிப் பாய்ந்து வருவதுபோல் இருக்கிறது. உங்கள் கை நடுங்குவதற்குக் காரணம் ஹாரன் மட்டும் என்று நான் நினைக்கவில்லை.

எனக்கு அமைந்த முதல் ஆசிரியர் கத்துகிறவர். அவரை விட்டுவிட்டு, வயதான ஒருவரிடம் போனேன். முதல் நாள் அவர் என்னை ஓட்டவே விடவில்லை. பக்கத்து சீட்டில் உட்காரவைத்து, அவர் ஓட்டினார். "கண்ணில் படுவதையெல்லாம் சொல்லிக்கொண்டே வாருங்கள்" என்றார். பஸ், சைக்கிள், சிக்னல் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். ஓரமாக நின்றிருந்த ஒரு வேனை நெருங்கும்போது அவர் வேகத்தைக் குறைத்தார். "என்ன பார்த்தீர்கள்?" வேன் என்றேன். "வேனுக்கு அடியில்?" அப்போதுதான் குனிந்து பார்த்தேன். வேனுக்கும் தரைக்கும் நடுவில் இருந்த அந்த ஒரு சாண் இடைவெளியில், அந்தப் பக்கம் இரண்டு சின்னக் கால்கள். நீல நிறச் செருப்பு. நாங்கள் ஊர்ந்து தாண்டும்போது ஒரு பையன் வேனின் முன்பக்கத்திலிருந்து எட்டிப்பார்த்துவிட்டு அப்படியே நின்றுகொண்டான்.

ஓட்டுவது என்பது இந்த வேலை என்று அன்றைக்குத்தான் எனக்குப் பட்டது. இப்படி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டும் பயிற்சி பிரிட்டனில் போலீஸ் ஓட்டுநர்களுக்கு நெடுநாளாக உண்டு என்று பிறகு தெரிந்துகொண்டேன். இதற்கு லைசென்ஸ் வேண்டாம், சொந்த வண்டி வேண்டாம். பஸ்ஸில் முன் சீட் கிடைத்தால் போதும். நின்ற காரின் உள்ளே தலை தெரிகிறதா, அப்படியானால் கதவு திறக்கலாம். முன்னால் போகிறவரின் முன் சக்கரம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, இன்டிகேட்டர் போடாவிட்டாலும் அவர் அந்தப் பக்கம்தான் வருவார். இரண்டு வாரம் செய்துவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பாருங்கள்.

தொலைவாகப் பார்ப்பது ஏன் இத்தனை முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. பிரிட்டனின் சாலை விதிப் புத்தகம், மணிக்கு 48 கிலோமீட்டரில் போகும் கார் நிற்க 23 மீட்டர் ஆகும் என்கிறது. பார்த்துக் கால் பிரேக்குக்குப் போவதற்குள் 9 மீட்டர், பிரேக் பிடித்தபிறகு 14 மீட்டர். வேகத்தை இரட்டிப்பாக்கி 96 ஆக்கினால் மொத்தம் 73 மீட்டர். யோசிக்கும் தூரம் இரண்டு மடங்கு, 18. பிரேக் பிடித்தபிறகு ஓடும் தூரம் 55, கிட்டத்தட்ட நாலு மடங்கு. இது உலர்ந்த சாலைக் கணக்கு. மழையில் இன்னும் நீளும். பத்து மீட்டர் தூரத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டுகிறவருக்கு எவ்வளவு நல்ல பிரேக் இருந்தும் பயனில்லை.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். கற்றுத்தருகிறவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. லைசென்ஸ் வாங்கித் தனியாக ஓட்ட ஆரம்பித்த இரண்டாவது வாரம், ஒரு சந்திப்பில் திரும்பினேன். இரண்டு பக்கமும் பார்த்தாயிற்று, யாரும் இல்லை. திரும்பத் தொடங்கியதும், முன்கண்ணாடிக்கு ஓரத்தில் கூரையைத் தாங்கும் கம்பத்துக்குப் பின்னாலிருந்து ஒரு சைக்கிள் வெளியே வந்தது. அவ்வளவு நேரமும் அது அங்கேதான் வந்துகொண்டிருந்திருக்கிறது. நான் நகர்ந்த வேகமும் அவர் வந்த வேகமும் ஒத்துப்போனதால் கம்பம் அவரை மறைத்தபடியே இருந்தது. பயந்து பயந்து ஊர்ந்துகொண்டிருந்ததால் வண்டி நின்றது. நம்பிக்கையோடு ஓட்டியிருந்தால் நின்றிருக்காது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஒவ்வொரு சந்திப்பிலும் தலையை முன்னும் பின்னும் அசைத்து, கம்பத்துக்குப் பின்னால் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறேன். கூட வருகிறவர்கள் ஏன் என்று கேட்பார்கள், சொல்வேன்.

பயத்தைத் துரத்துவது ஆபத்தாகவும் முடியலாம். நார்வேயில் 1979 முதல், புதிய ஓட்டுநர்களுக்கு வழுக்கும் தளத்தில் சறுக்கலைச் சமாளிக்கும் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். கேட்க நல்ல யோசனைதான். பின்னால் ஆராய்ந்தபோது, இளம் ஆண்களின் சறுக்கல் விபத்துகள் குறைவதற்குப் பதில் கூடியிருந்தன. சறுக்கினாலும் சமாளித்துவிடலாம் என்ற தைரியம் வந்துவிட்டது, திறமை அந்த அளவுக்கு வரவில்லை என்றுதான் ஆய்வாளர்கள் இதற்கு விளக்கம் சொன்னார்கள்.

அதனால், கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களைவிட உங்கள் மகனை நினைத்துத்தான் எனக்குக் கவலை. மூன்று வாரத்தில் அவனுக்கு வந்திருப்பது கையும் காலும். கண் வர மாதங்கள் ஆகும், யாருக்கும். பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்கும்வரை கற்றுக்கொள்கிறவர்களுக்கு விபத்து குறைவு. லைசென்ஸ் வாங்கித் தனியாகக் கிளம்பும் முதல் சில மாதங்களில் அது சட்டென்று ஏறுகிறது. பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்டது இது. நியூசிலாந்து 1987இல் இதற்காகவே லைசென்ஸைப் படிப்படியாகக் கொடுக்கத் தொடங்கியது. முதலில் துணையோடு மட்டும், அப்புறம் தனியாக, ஆனால் இரவில் கூடாது, நண்பர்களை ஏற்றக் கூடாது, அதன்பிறகே முழு லைசென்ஸ். உங்கள் ஊரில் சட்டம் எப்படியோ, வீட்டில் நீங்களே இதை வைத்துக்கொள்ளலாம். ஆறு மாதம் இரவு ஓட்ட வேண்டாம், நாலு நண்பர்களோடு கிளம்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பார்ப்பதைச் சொல்லச் சொல்லுங்கள். அவன் பார்க்கத் தவறுவதை நீங்கள் பார்ப்பீர்கள். ஓட்டுகிற உங்களுக்கும் அது பயிற்சி.

உங்கள் கணவரைக் குறை சொல்ல மாட்டேன். பக்கத்தில் பிரேக் இல்லாத சீட்டில் உட்கார்ந்திருப்பது பயங்கரமான அனுபவம், அவர் கத்துவதும் பயத்தில்தான். ஆனால் "பாத்து" என்ற சொல்லில் தகவல் ஒன்றும் இல்லை. "முன்னால் ஆட்டோ நிற்கப்போகிறது" என்பதில் இருக்கிறது. வேண்டுமானால் இந்தப் பத்தியை மட்டும் அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

வயதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உலகில் முதன்முதலாக நெடுந்தூரம் கார் ஓட்டியவர் பெர்தா பென்ஸ். 1888 ஆகஸ்டில், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், இரண்டு மகன்களைக் கூட்டிக்கொண்டு மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்குச் சுமார் 100 கிலோமீட்டர் ஓட்டிப்போனார். அப்போது அவருக்கு 39 வயது. அடைத்துக்கொண்ட எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். இறக்கத்தில் பிரேக் கட்டை தேய்ந்தபோது, வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் அதன்மேல் தோல் அடிக்கச் சொன்னார். மகன்கள் பக்கத்தில் இருந்தார்கள், மேட்டில் இறங்கித் தள்ளினார்கள்.

அடுத்த டெஸ்ட்டுக்கு இன்னும் தேதி வாங்கவில்லை என்றால் ஒரு மாதம் தள்ளியே வாங்குங்கள். அதற்குள் விடியற்காலைக் கிளட்ச் பயிற்சி நாலு முறை, பஸ் முன் சீட் எத்தனை முறை முடியுமோ அத்தனை முறை. டெஸ்ட் முடிந்ததும், எப்படிப் போனாலும், எழுதுங்கள். குறிப்பாக, நீங்கள் பார்த்தவற்றை எழுதுங்கள்.

அன்புடன்.