பச்சோந்தி சீறுகிறது என்றால், கையை நீட்டும் முன் கூண்டைப் பாருங்கள்

கேள்வி: கனடாவின் ஸ்கார்பரோவில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். எங்கள் மகனுக்கு 12 வயது. அவனுடைய நெடுநாள் ஆசைக்காக ஏமன் பச்சோந்திக் குஞ்சு ஒன்றை அண்மையில் வாங்கினோம். அதற்கு நான்கு மாதம் ஆகிறது என்று கடையில் சொன்னார்கள். பழைய மீன்தொட்டி ஒன்றில் வைத்திருக்கிறோம். கையை உள்ளே விட்டால் உடலை உப்பவைத்து, வாயைப் பிளந்து சீறுகிறது. தினமும் கையில் எடுத்து வைத்திருந்தால் பழகிவிடும் என்கிறார்கள், அப்படிச் செய்யலாமா? கிண்ணத்தில் வைக்கும் தண்ணீரை அது குடிப்பதாகவே தெரியவில்லை. பச்சோந்தி விஷமுள்ளது என்று என் மாமியார் அஞ்சுகிறார். கோடை விடுமுறையில் நாங்கள் திருச்சிக்கு வரும்போது, பிள்ளைகள் பார்ப்பதற்காகத் தோட்டத்தில் ஒன்றைப் பிடித்து வைத்திருப்பதாக என் அண்ணன் சொல்கிறார். அதுவும் சரிதானா?

பதில்: தினமும் கையில் எடுக்க வேண்டாம். புதிய இடத்துக்கு வந்த பச்சோந்தியை முதல் சில வாரங்களுக்கு, உணவு கொடுக்கவும் கூண்டைத் துப்புரவு செய்யவும் அன்றி, நெருங்காமல் இருப்பதே நல்லது. நீங்கள் வாங்கியிருப்பது ஏமனிலும் சவுதி அரேபியாவின் தென்மேற்கு மலைப் பகுதியிலும் இயற்கையாக வாழும் இனம். செடிகளின் மேலேயே வாழ்நாளைக் கழிக்கும் இந்த உயிரினத்துக்கு, மேலிருந்து இறங்கிவரும் எதுவும் இரைதேடும் பறவைதான். உங்கள் கையும் அப்படியே. உடலைப் பக்கவாட்டில் தட்டையாக்கிப் பெரிதாகக் காட்டுவது, நிறத்தைக் கருமையாக்குவது, வாயைப் பிளப்பது, சீறுவது, முன்னும் பின்னும் ஆடுவது ஆகிய எல்லாமே கடிக்க நேராமல் எதிரியை விரட்டுவதற்கான மிரட்டல்கள். அவற்றைப் பொருட்படுத்தாமல் பிடித்தால்தான் கடிக்கும். குஞ்சின் கடி பெரிதாக ஒன்றும் செய்யாது; வளர்ந்த ஆணின் கடி தோலைக் கிழித்து இரத்தம் வரவழைக்கும்.

நாய் பூனைகளைப் போலப் பச்சோந்தி மனிதனோடு கூடி வாழப் பழகிய விலங்கன்று. கையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பச்சோந்தி அன்பாக இருக்கிறது என்று பலர் மகிழ்கிறார்கள். பெரும்பாலும் அது அச்சத்தில் உறைந்துபோய் இருக்கிறது. நீங்கள் எதிர்பார்க்கக்கூடிய அதிகபட்சப் பலன், உங்கள் கையை அது ஆபத்து இல்லாத ஒரு கிளையாகக் கருதுவதுதான். மீன்தொட்டியைப் போலப் பார்த்து மகிழ வேண்டிய உயிரினம் இது என்று உங்கள் மகனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். அந்த ஏமாற்றத்தை ஏற்றுக்கொள்ள அவனால் முடியாவிட்டால், வேறு விலங்கைத் தேர்ந்தெடுத்திருக்கலாம் என்பதே என் கருத்து.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது சீற்றம் அன்று, தண்ணீர்க் கிண்ணம். தேங்கிய நீரைப் பெரும்பாலான பச்சோந்திகள் நீர் என்றே கண்டுகொள்வதில்லை. இயற்கையில் அவை இலைகளின் மேல் படியும் பனித்துளியையும் மழைத்துளியையுமே நக்கிக் குடிக்கின்றன. ஆகவே கிண்ணத்தை எடுத்துவிட்டு, இன்றிரவு முதலே இலைகள் நன்றாக நனையும்படி நீர் தூவத் தொடங்குங்கள். விளக்கு எரியத் தொடங்கும் முன் ஒரு முறை, அணைந்த பின் ஒரு முறை என ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று நிமிடம் தூவுவது வழக்கமாகட்டும். பகலில், அடியில் ஊசித்துளை இட்ட பிளாஸ்டிக் குப்பியில் நீர் நிரப்பிக் கூண்டின் மேல் வைத்து, ஒரு இலையின் மேல் சொட்டுச் சொட்டாக விழச் செய்யுங்கள். அது குடிப்பதை நீங்கள் பார்க்காமலே போகலாம். பார்வையாளர் இருந்தால் சில குடிக்க மாட்டா. எச்சத்தைப் பார்த்தே அறிந்துகொள்ளலாம்: கழிவோடு வரும் கெட்டியான யூரேட் பகுதி (சிறுநீருக்கு ஈடான உப்புக் கழிவு) வெண்மையாக இருந்தால் நீர் போதுமானது, ஆழ்ந்த மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ இருந்தால் பற்றவில்லை. கண்குழி உள்வாங்கியிருந்தால் வறட்சி முற்றிவிட்டது என்று பொருள்; அப்போது தூவிக்கொண்டு காத்திருக்காமல் மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

கனடாக் குளிர்காலத்தில் இது இன்னும் கடினம். வீட்டைச் சூடேற்றும் காற்று ஈரப்பதத்தை 30 சதவீதத்துக்கும் கீழே இறக்கிவிடும். பகலில் 30 முதல் 50 சதவீதம் இருந்தால் ஏமன் பச்சோந்திக்குப் போதும். இரவில் அது 80 சதவீதத்துக்கு மேல் உயர வேண்டும், ஏனெனில் அதன் சொந்த மலைகளில் இரவில்தான் மூடுபனி இறங்குகிறது. இரவில் மட்டும் இயங்கும் பனிமூட்டக் கருவி ஒன்றை வாங்கினால் இந்தத் தொல்லை தீரும். பகல் முழுவதும் கூண்டை நனைத்தே வைத்திருப்பது தவறு. வெப்பமும் தேங்கிய ஈரமும் சேர்ந்தால் நுரையீரல் தொற்று வரும்.

மீன்தொட்டியில் காற்று அடியில் தேங்கிவிடுகிறது. அதன் கண்ணாடிச் சுவரில் தெரியும் தன் பிம்பத்தையே எதிரி என்று எண்ணிப் பச்சோந்தி நாள் முழுவதும் அஞ்சுகிறது. உங்கள் கையைக் கண்டு அது இத்தனை சீறுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வளர்ந்த பச்சோந்திக்கு 60 செ.மீ. அகலமும் 60 செ.மீ. ஆழமும் 120 செ.மீ. உயரமும் உள்ள வலைக்கூண்டு தேவை. குஞ்சையும் இப்போதே அதில் விடலாம். குளிர்காலத்தில் மூன்று பக்கங்களைத் தெளிவான பிளாஸ்டிக் தகட்டால் மூடி, முன்பக்கத்தையும் மேற்புறத்தையும் வலையாக விட்டால் ஈரமும் நிற்கும், காற்றும் ஓடும். கூண்டைத் தரையில் வைக்காமல் மேசையின் மேல் வையுங்கள். உங்கள் கண்மட்டத்துக்கு மேலே ஒரு கிளையில் உட்கார இடம் கிடைத்தாலே அதன் பதற்றம் குறைவதைக் காண்பீர்கள். உள்ளே மணி பிளாண்ட், செம்பருத்தி, ஷெஃப்ளெரா போன்ற உயிருள்ள செடிகளைப் பூச்சிமருந்து போக நன்கு கழுவி வையுங்கள். இந்த இனம் இலைகளையும் தின்னும் என்பதால் பிளாஸ்டிக் இலைகள் வேண்டாம். தரையில் மரத்தூளோ மட்டையோ பரப்ப வேண்டியதில்லை.

விளக்கு இரண்டு வகை. ஒன்று வெயில் காய்வதற்கான வெப்ப விளக்கு. அதன் கீழுள்ள கிளையில் 29 முதல் 31 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும், கூண்டின் மற்ற இடங்கள் 22 முதல் 26 வரை இருக்கட்டும். மற்றொன்று புறஊதா பி கதிரைத் தரும் நீண்ட குழல்விளக்கு. டி5 வகையில் 5 அல்லது 6 சதவீதம் என்று குறிக்கப்பட்டதை வாங்கி, மேல் வலைக்கு வெளியே வைத்து, பச்சோந்தியின் முதுகுக்கும் குழலுக்கும் இடையே ஏறத்தாழ 20 செ.மீ. இருக்கும்படி கிளையை அமையுங்கள். சுருள் வடிவச் சிறு பல்பு போதாது. சன்னல் வழியே வரும் வெயிலும் உதவாது, ஏனெனில் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். அந்தக் கதிர் இல்லாவிட்டால் தோலில் வைட்டமின் டி3 உருவாகாது. அது இல்லாவிட்டால் உணவிலுள்ள கால்சியம் எலும்பில் சேராது. பிறகு கால்கள் வளைகின்றன, தாடை ரப்பரைப் போல மெத்தென்று ஆகிறது, நாக்கை வீச முடியாமல் போகிறது. பயிற்சியில்லாதவர் வளர்க்கும் பச்சோந்திகளை இந்த நோய் மிகுதியாகத் தாக்குகிறது. முழுவதும் தடுக்கக்கூடியதும் இதுதான். குழல் எரிந்துகொண்டிருந்தாலும் கதிர் குறைந்துகொண்டே வரும், எனவே உற்பத்தியாளர் சொல்லும் காலத்தில், அதாவது பெரும்பாலும் 6 முதல் 12 மாதத்துக்குள், மாற்றிவிட வேண்டும். நாளுக்கு 12 மணி நேரம் எரிந்தால் போதும். இரவில் எந்த விளக்கும் வேண்டாம், அறை 18 டிகிரிக்கு இறங்கினாலும் அது நன்றாகவே உறங்கும்.

இவை சீரான பிறகே கைப்பழக்கம். முதல் சில நாட்கள் கூண்டுக்கு அருகே அமைதியாக உட்கார்ந்திருங்கள். அது உங்களைக் கண்டதும் கிளையின் மறுபக்கம் ஒளிவது குறையும்வரை வேறு ஒன்றும் செய்ய வேண்டாம். அடுத்து, பட்டுப்புழு போன்ற அதற்குப் பிடித்த இரை ஒன்றை விரல்நுனியில் பிடித்துக் கூண்டின் வாசலில் அசையாமல் காட்டுங்கள். முதலில் ஒன்றும் நடக்காது. பொறுமையாக ஐந்து நிமிடம் காட்டிவிட்டு எடுத்துவிடுங்கள். ஒருநாள் நாக்கை வீசி எடுத்துக்கொள்ளும். அதன் பிறகு இரையைப் பிடித்த கையின் கீழே மறு கையைக் கிளையைப் போல நீட்டி, அது தானாக ஏற விடுங்கள். கை எப்போதும் கீழிருந்து, அதன் முன்பக்கமாக, மெதுவாக வரட்டும். பின்னாலிருந்து பிடிக்காதீர்கள். வாலைப் பிடித்து இழுக்காதீர்கள்; பல்லியின் வாலைப் போல இது மறுபடி முளைக்காது. கிளையைப் பற்றியிருக்கும்போது பிடுங்கவும் கூடாது. இரு பிரிவாகப் பிரிந்து இடுக்கியைப் போலப் பற்றும் அதன் விரல்களும் நகங்களும் காயப்படும். ஏறியதும் ஒரு கைக்கு முன் மறு கையை வைத்து அது நடந்துகொண்டே இருக்கும்படி செய்யுங்கள். நெஞ்சுயரத்துக்கு மேல் தூக்காமல், மெத்தைக்கு மேல் நின்று செய்தால் விழுந்தாலும் அடிபடாது. ஐந்து நிமிடம் போதும், வாரத்தில் ஓரிரு நாள் போதும். அது கருமையாக மாறினாலோ வாயைத் திறந்தாலோ அந்த இடத்திலேயே நிறுத்தி, கூண்டுக் கிளையில் ஏற்றிவிடுங்கள். மருத்துவரிடம் கொண்டுசெல்லும் நாளில் கலக்கமின்றி எடுக்க உதவுவதே இந்தப் பயிற்சியின் பயன்.

நிறத்தைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் பரவலாக உள்ளது. சுற்றுப்புறத்துக்கு ஏற்ப ஒளிந்துகொள்ளவே பச்சோந்தி நிறம் மாறுகிறது என்று சொல்லப்படுகிறது. பெரும்பாலும் அது மனநிலையையும் வெப்பத்தேவையையும் இனத்தாருக்குச் சொல்லும் செய்தியையுமே காட்டுகிறது. 2015இல் ஜெனீவாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மடகாஸ்கரின் பாந்தர் பச்சோந்தியில் தோலணுக்களுக்குள் இருக்கும் நுண்ணிய குவானின் படிகங்களின் இடைவெளி மாறுவதால் நிறம் மாறுகிறது என்று காட்டினார்கள். உங்களுக்கு வேண்டிய நடைமுறைக் குறிப்பு இவ்வளவே: காலையில் கருமையாக இருந்தால் வெயில் காய்கிறது, இரவில் வெளிறிய பச்சையாக இருந்தால் உறங்குகிறது, நாள் முழுவதும் கருமையாகவோ பழுப்பாகவோ இருந்தால் ஏதோ சரியில்லை. பகலில் கண்ணை மூடிக்கொண்டிருப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான அறிகுறி. அதைக் கண்ட நாளிலேயே ஊர்வன மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

உணவாகக் கிரிக்கெட் பூச்சி, பட்டுப்புழு, பிளாக் சோல்ஜர் ஈயின் புழு ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுங்கள். பச்சோந்தியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிய இரை கூடாது. இந்த வயதில் தினமும் கொடுக்கலாம். ஓராண்டு நிறைந்ததும் ஒருநாள் விட்டு ஒருநாள், அதுவும் நான்கைந்து பூச்சிக்கு மேல் வேண்டாம். இரைப் பூச்சிகளுக்கு முதல் நாளே கீரையும் கேரட்டும் தின்னக் கொடுத்தால் அந்தச் சத்து பச்சோந்திக்கும் சேரும். டி3 கலக்காத கால்சியம் பொடியை ஒவ்வொரு வேளையும் மெல்லத் தூவுங்கள். டி3 உள்ள பல்சத்துப் பொடி மாதத்துக்கு இருமுறை போதும். வெளியில் பிடித்த பூச்சிகளை, குறிப்பாக ஒன்டாரியோக் கோடையில் பறக்கும் மின்மினிகளை, ஒருபோதும் கொடுக்காதீர்கள். மின்மினியின் நஞ்சு பல்லியினங்களைச் சிறிது நேரத்திலேயே கொன்றுவிடும்.

உங்கள் குஞ்சு ஆணா பெண்ணா என்று நீங்கள் எழுதவில்லை. பின்னங்காலின் குதிகாலில் சிறு முள்ளைப் போன்ற புடைப்பு இருந்தால் ஆண். அது குஞ்சு பொரிந்த நாள் முதலே தெரியும். இல்லாவிட்டால் பெண். பெண் என்றால் இன்னும் சில மாதங்களில், ஆணையே காணாவிட்டாலும், முட்டைகள் உருவாகலாம். ஈர மணல் 25 முதல் 30 செ.மீ. ஆழத்துக்கு நிரப்பிய வாளியைக் கூண்டுக்குள் முன்கூட்டியே வைத்துவிடுங்கள். தோண்டும் இடம் கிடைக்காமல் முட்டை உள்ளேயே தங்கிவிட்டால் அது இறந்துபோகும். முட்டைக் காலத்தில் உணவைச் சற்றுக் குறைப்பதும் வெயில் காயும் கிளையின் வெப்பத்தை 27 டிகிரியளவில் வைப்பதும் முட்டைகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும். ஆணோ பெண்ணோ, துணைக்கு இன்னொன்றை வாங்கிவிடாதீர்கள். இவை தனித்தே வாழ்பவை.

மாமியாரிடம் பச்சோந்திக்கு விஷமில்லை என்று உறுதியாகச் சொல்லுங்கள். அவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய காரணம் வேறு. ஊர்வனவற்றின் எச்சத்தில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். முதியவர்கள், கருவுற்றவர்கள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆகியோருக்கு அது கடுமையாகும். தொட்டவர்கள் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும், கூண்டுப் பாத்திரங்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது.

உங்கள் அண்ணனுக்கு மறுப்புச் சொல்லுங்கள். தமிழ்நாட்டுத் தோட்டங்களில் காணப்படும் இந்தியப் பச்சோந்தி 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட இனம். அதைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம், ஓரிரு நாளுக்கு என்றாலும் விலக்கு இல்லை. உங்களுடையதை அங்கே கொண்டுசெல்லும் எண்ணமும் வேண்டாம்: ஏமன் பச்சோந்தி, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் 2ஆம் பட்டியலில் உள்ளதால் அனுமதிப் பத்திரம் இல்லாமல் எந்த நாட்டு எல்லையையும் தாண்ட முடியாது. விடுமுறைக் காலத்தில் நீர் தூவவும் இரை கொடுக்கவும் தெரிந்த ஒருவரை இப்போதே தேடி, நீங்கள் புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே வீட்டுக்கு வரவழைத்து, உங்கள் முன்னிலையில் செய்து பழகச் சொல்லுங்கள்.