பனி பாறையை அறுக்குமா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கைப் பனியாறு, அதாவது மெல்ல நகரும் பெரும் பனித்திரள், குடைந்தது என்று எழுதியிருந்தீர்கள். பனிக்கட்டியை ஒரு கூழாங்கல்லால் கீறிவிடலாம். அது கிரானைட்டை எப்படி அறுக்கும்? அது ஆறு செய்த வேலையாக இருக்கக்கூடாதா?

க.

அன்புள்ள க.,

உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. வெறும் பனி கிரானைட்டில் ஒரு கீறல்கூடப் போடாது. அறுப்பவை அதன் அடியில் பதிந்திருக்கும் கற்கள்.

பனியாற்றின் எடை அழுத்துவதால் அடிப்பனி கொஞ்சம் உருகும். அந்த நீர் பாறை விரிசல்களில் இறங்கி மறுபடி உறையும். பனி நகரும்போது விரிசல் விட்ட துண்டுகளைப் பெயர்த்துக்கொண்டே போகும். அப்புறம் அந்தத் துண்டுகளே உப்புத்தாள் போலத் தரையைத் தேய்க்கின்றன. எல்லாப் பனியும் இப்படிச் செய்வதில்லை. தரையோடு இறுகி உறைந்த பனி, அடியில் இருப்பதைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவைக்கும்.

பனி விலகிய பாறையைக் குனிந்து பார்த்தால் ஒரே போக்கில் ஓடும் கீறல்கள் தெரியும். பனி நகர்ந்த தடம் அது. எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதைப் பாறை மேடுகள் சொல்லும்: பனி ஏறிய பக்கம் வழவழப்பான சரிவு, இறங்கிய பக்கம் கல் பெயர்ந்த கரடுமுரடு. ஆல்ப்ஸ் மலையின் மேட்டர்ஹார்ன் சிகரத்தின் கம்பீரத்தைவிட இந்தக் கீறல்கள்தான் என்னை அதிகம் வியக்க வைக்கின்றன. அந்தச் சிகரமும் பல பக்கங்களிலிருந்து பனி அரித்து மிஞ்சிய கூம்புதான்.

சரி, ஆறா பனியா? யோசெமிட்டியில் இரண்டும்தான். ஆறு முதலில் அறுத்த ஒடுங்கிய பள்ளத்தைப் பனி நிறைத்து, பக்கச் சுவர்களையும் தேய்த்து அகலமாக்கியது. கிளைப் பள்ளத்தாக்குகளில் பனி மெலிதாக இருந்ததால் அவை அவ்வளவு ஆழமாகவில்லை. பனி போனபின் உயரத்தில் தொங்கி நின்றுவிட்டன. பிரைடல்வெயில் அருவி அப்படி ஒன்றிலிருந்துதான் 188 மீட்டர் விழுகிறது.

இன்னும் சந்தேகம் இருந்தால் நார்வேயின் சோக்னே ஃபியோர்டைப் பாருங்கள். ஃபியோர்டு என்பது பனி குடைந்த பள்ளத்தாக்கில் கடல் புகுந்த நீண்ட குடா. அதன் தரை கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 1300 மீட்டர் ஆழம் வரை போகிறது. கடலை அடையும் ஆறு அவ்வளவு கீழே வெட்ட முடியாது. அதைவிட முக்கியம், திறந்த கடலோடு சேரும் வாய்ப்பகுதியில் அதே தரை மேடேறிவிடுகிறது. ஆற்று நீர் தரைச் சரிவைப் பார்த்து ஓடும். பனியாற்றுக்கோ மேற்பரப்பு சரிந்திருந்தாலே போதும். பின்னாலிருந்து வரும் பனி தள்ளத் தள்ள அது மேடும் ஏறும். கடலோரத்தில் பனி பரந்து மெலிந்ததால் அங்கே அரிப்பு குறைந்து, அந்த மேடு மிஞ்சியது.