சாயம் சேர்க்காமல் படமெடுக்கும் சர்ஃபேஸ் பிளாஸ்மான் நுண்ணோக்கி உண்மையில் எதைப் பார்க்கிறது?

கேள்வி: ஒளிரும் சாயம் எதுவும் சேர்க்காமலே புரதம் ஒட்டுவதையும் செல்களையும் பார்க்கலாம் என்கிறார்கள். இது எப்படிச் சாத்தியம்? சாயத்தை ஒளிரவைத்துப் பார்க்கும் ஃப்ளூரசன்ஸுக்குப் பதிலாக இதை நம்பி இறங்கலாமா?

இறங்கலாம். ஆனால் இந்த நுண்ணோக்கி புரதத்தைப் பார்ப்பதில்லை. தங்கப் படலத்தை ஒட்டிய மெல்லிய அடுக்கில் ஒளிவிலகல் எண் எவ்வளவு மாறியது என்பதை மட்டுமே பார்க்கிறது. இதன் பலம், பலவீனம் இரண்டுமே இதில்தான் இருக்கின்றன.

கண்ணாடியின் மேல் சுமார் 50 நானோமீட்டர் தடிமனில் தங்கம் பூசி, கண்ணாடிப் பக்கத்திலிருந்து ஒளியைச் சாய்வாக விடுவார்கள். சாய்வு போதுமான அளவு இருந்தால் பெரும்பாலான ஒளி எதிரொளித்து வந்துவிடும். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும், அதுவும் மின்புலம் படுதளத்துக்குள் (ஒளி வந்து திரும்பும் பாதை அமைந்த தளத்துக்குள்) அதிரும் ஒளிக்கு மட்டும், எதிரொளிப்பு சட்டென்று மங்கும். ஒளியின் ஆற்றல் தங்கத்தின் மேற்பரப்பு எலக்ட்ரான்களின் கூட்டு அலைக்குள் போய்விடுகிறது. இதுதான் சர்ஃபேஸ் பிளாஸ்மான். இந்த அமைப்பை 1968-இல் கிரெட்ச்மானும் ரேதரும் காட்டினார்கள்.

அந்த அலையின் புலம் நீருக்குள் 100, 200 நானோமீட்டர் வரைதான் நீளும். அந்த அடுக்கில் ஒரு புரதம் வந்து ஒட்டினால், ஒளிவிலகல் எண் 1.33 ஆக இருந்த நீரின் இடத்தை அதைவிட அடர்த்தியான பொருள் பிடித்துக்கொள்கிறது. மங்கும் கோணம் சற்று நகர்கிறது. கோணத்தை அந்த மங்கலின் சரிவான பகுதியில் நிறுத்திவிட்டு, எதிரொளித்த ஒளியைக் கேமராவில் பிடித்தால், எங்கே என்ன ஒட்டியதோ அங்கே வெளிச்சம் மாறித் தெரியும். 1988-இல் ரோத்தன்ஹாய்ஸ்லரும் க்னோலும் இதை நுண்ணோக்கியாக்கியது இப்படித்தான்.

கண்ணாடிப் பக்கத்தில் முப்பட்டகம் வைத்து ஒளியை விடும் அமைப்பில் படம் சாய்ந்து விழும், பெரிய உருப்பெருக்கமும் கிடைக்காது. எண்ணெய் விட்டுப் பயன்படுத்தும் ஆப்ஜெக்டிவ் (மாதிரியை ஒட்டி இருக்கும் நுண்ணோக்கி லென்ஸ்) வழியாகவே ஒளியை விடும் முறை வந்ததும் நிலைமை மாறியது. 2010-இல் நோங்ஜியன் தாவோவின் குழு ஒற்றை இன்ஃப்ளூயன்சா வைரஸ்களையே சாயமின்றிப் படமெடுத்தது. எனக்கு இதில் இன்னமும் வியப்புத் தீரவில்லை. அந்தப் படங்களில் ஒவ்வொரு துகளுக்கும் ஒரு வால் தெரியும். பிளாஸ்மான் அலை தங்கத்தின் மேல் சில மைக்ரோமீட்டர் ஓடிய பிறகே அடங்குவதால், அது ஓடும் திசையில் படம் இழுபடுகிறது. குறுக்குத் திசையில் கூர்மை பரவாயில்லை.

சரி, இதில் உண்மையான லாபம் எது? என் கணிப்பில், படத்தைவிட நேரம்தான். சாயம் மங்கிப்போகும் கவலை இல்லை என்பதால் ஒரே இடத்தை விடாமல் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஒரு மூலக்கூறு எவ்வளவு வேகமாக ஒட்டுகிறது, அந்த மூலக்கூறு இல்லாத வெறும் பஃபரை (அமிலத்தன்மை மாறாமல் வைக்கும் கரைசலை) பாய்ச்சினால் எவ்வளவு மெதுவாக விடுகிறது என்று தனித்தனியாகக் கிடைக்கும். சமநிலையில் ஒரே அளவு பிடிப்புக் காட்டும் இரண்டு மருந்துகளில் ஒன்று சில நொடிகளில் விலகிவிடலாம், மற்றது மணிக்கணக்கில் ஒட்டியிருக்கலாம். இறுதி நிலையை மட்டும் அளக்கும் சோதனையில் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது.

இப்போது எச்சரிக்கை. கருவிக்கு உங்கள் புரதமும் தெரியாது, ஒட்டக்கூடாத குப்பையும் தெரியாது. இரண்டும் ஒரே மாதிரிதான் சிக்னல் தரும். வெப்பநிலையும் அப்படித்தான். ஒரு டிகிரி செல்சியஸ் மாறினாலே நீரின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 0.0001 மாறும். நல்ல கருவிகள் அதில் நூறில் ஒரு பங்கையே கண்டுபிடித்துவிடும் என்றால், அறையின் ஏசி ஓடி நிற்பதுகூட ‘ஒட்டுதல்’ போலத் தோன்றும். மாதிரியில் டிஎம்எஸ்ஓ (மருந்துகளைக் கரைக்கப் பயன்படும் கரைப்பான்) இருந்து பஃபரில் இல்லையென்றாலும் இதே கதைதான். அதனால் ஏற்பி (நீங்கள் தேடும் மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும் பொருள்) பூசாத ஒரு பகுதியைப் படத்துக்குள்ளேயே ஒப்பீட்டுக்கு வைத்திருக்க வேண்டும். அது இல்லாத வரைபடத்தை, எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் ஏற்கமாட்டேன்.

செல்களைப் பார்ப்பதாக இருந்தால் இன்னொன்று: செல் பல மைக்ரோமீட்டர் உயரம், புலமோ அதன் அடிப்பாகத்தைத் தொட்டதும் தீர்ந்துவிடும். செல் தரையைப் பற்றிக்கொள்வதைப் பார்க்க இது அருமையான வழி. செல்லின் உட்கருவுக்குள் நடப்பதைத் தேடினால் ஏமாற்றம்தான்.

உங்கள் கேள்வி ‘எந்தப் புரதம் எங்கே இருக்கிறது’ என்றால் ஃப்ளூரசன்ஸிலேயே இருங்கள். ‘எவ்வளவு வேகமாக ஒட்டுகிறது, சாயம் சேர்த்தால் அந்த ஒட்டுதலே கெடுகிறதா’ என்றால் இங்கே வாருங்கள். இரண்டும் வேண்டுமென்றால் முதலில் சாயமில்லாமல் பிளாஸ்மான் அளவீட்டை முடித்துவிட்டு, அப்புறம் அதே மாதிரியில் சாயம் ஏற்றிப் பாருங்கள். அப்போது தங்கத்துக்கு மிக நெருக்கமாக, சில நானோமீட்டருக்குள், இருக்கும் சாயத்தின் ஒளிர்வைத் தங்கமே அணைத்துவிடும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.