பேச்சுக்குள் தேடும் படிப்பு: மகளை அனுப்பலாமா?

வணக்கம் அம்மா. மகள் முதுகலையில் ஒலி, காணொளிப் பதிவுகளில் பேசியதைத் தேடும் தொழில்நுட்பத்தை எடுக்கப் போகிறாள், யூடியூபில்தான் தேடல் இருக்கிறதே, இதில் படிக்க என்ன மிச்சம் என்று கேட்டிருக்கிறீர்கள். நிறையவே மிச்சம் இருக்கிறது. தலைப்பைப் பார்த்துக் காணொளியைக் கண்டுபிடிப்பது வேறு. இரண்டு மணி நேரப் பேச்சில் தேவையான அந்த ஒரு நிமிடத்தைப் பிடிப்பது வேறு.

அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் நடத்தும் டிரெக் என்ற தேடல் ஆய்வுப் போட்டிகளில், ஒலிபரப்பான செய்திகளுக்குள் 1997 முதல் 2000 வரை தேடிப் பார்த்தார்கள். பேச்சைக் கேட்டுக் கணினி எழுதித் தந்ததில் பிழைகள் இருந்தும் தேடல் நன்றாகவே நடந்தது. செய்தியில் முக்கியமான சொல் பலமுறை வரும்; ஓரிடத்தில் தப்பினாலும் இன்னோரிடத்தில் சிக்கிவிடும். வேலை முடிந்தது என்றுகூடச் சிலர் நினைத்தார்கள். அப்புறம் ஆளாளுக்குக் கைபேசியில் பதிவுசெய்து ஏற்ற ஆரம்பித்தார்கள். எதிரொலி, பின்னணி இசை, குறுக்கே பேசுவது, இரண்டு மொழி கலப்பது, பேச்சு எங்கெங்கோ போவது! தேடுபவருக்கு வேண்டிய பெயரோ ஒரே ஒரு தடவைதான் வரும், அதையும் கணினி தவறாகக் கேட்டிருக்கும். அதனால்தான் 2020-லும் 2021-லும் அதே டிரெக்கில், சுமார் 1 லட்சம் பாட்காஸ்ட் பதிவுகளிலிருந்து பொருத்தமான 2 நிமிடத் துண்டைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள்.

2022-இல் ஓபன்ஏஐ நிறுவனம் வெளியிட்ட, பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் என்ற மென்பொருள் 6,80,000 மணி நேர ஒலியில் பயின்றது. பேச்சை எழுத்தாக்குவது இப்போது மலிவு. ஆனாலும் யாரும் பேசாத இடத்தில்கூட விஸ்பர் சில நேரம் வாக்கியங்களை இட்டுக்கட்டிவிடும். எனவே எழுத்தாக்கத்தை மட்டும் கற்றுக்கொண்டால் போதாது. எது சரியாகக் கிடைத்தது, எது தப்பியது என்று அளக்கத் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு என்பது என் கருத்து.

வேலை விஷயத்தில் ஒளிக்காமல் சொல்கிறேன்: இந்தப் பெயரிலேயே வரும் விளம்பரங்கள் குறைவு. தேடல் பொறியாளர், பேச்சுத் தொழில்நுட்பம், தரவு அறிவியல் என்ற பெயர்களில் வரும். ஊடகக் காப்பகங்கள், இணையவழிக் கல்வி, வாடிக்கையாளர் அழைப்பு மையங்கள் ஆகியவற்றுக்கு இந்தத் திறன் தேவை.

சேரும் முன் மகள் ஒரு சின்ன வேலை செய்து பார்க்கட்டும். பொது உரிமத்தில் கிடைக்கும் பத்து மணி நேரப் பதிவுகளை எடுத்து, விஸ்பரில் எழுத்தாக்கி, நேரக் குறிப்போடு தேடும்படி அமைக்கட்டும். பதிவுகளைக் கேட்டு இருபது கேள்விகளைத் தானே எழுதி, எத்தனைக்குச் சரியான இடம் கிடைக்கிறது என்று பார்க்கட்டும். கிடைக்காதவை ஏன் கிடைக்கவில்லை என்று குடைய ஆரம்பித்தால், சரி, தாராளமாக அனுப்புங்கள். சலிப்புத் தட்டினால் பொதுவான தரவு அறிவியலே அவளுக்கு நல்லது.

பணம் கட்டும் முன் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். பேச்சு அறிதல் (பேச்சை எழுத்தாக்குவது), தகவல் மீட்பு (வேண்டியதைத் தேடி எடுப்பது) இரண்டும் அதில் இருக்க வேண்டும். இரண்டாவது இல்லையென்றால் வேறு கல்லூரி பாருங்கள்.