மைதானத்தில் உங்கள் மகளுக்கென்று ஒரு புள்ளி

கேள்வி: நாங்கள் ஹூஸ்டன் அருகே வசிக்கிறோம். மகள் இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறாள். நடுநிலைப் பள்ளியில் மூன்று ஆண்டுகள் கிளாரினெட் வாசித்தாள். இப்போது உயர்நிலைப் பள்ளியின் மார்ச்சிங் பேண்டில் சேர்ந்திருக்கிறாள். கோடைப் பயிற்சி, மருத்துவப் பரிசோதனைப் படிவம், கட்டணம், பூஸ்டர் கிளப் என்று நாளுக்கு இரண்டு மின்னஞ்சல்கள் வருகின்றன. எங்கள் ஊரில் பள்ளி பேண்ட் என்றால் சுதந்திர தினத்தன்று முரசு தட்டிக்கொண்டு நடப்பதுதான். ஆகஸ்ட் வெயிலில் நாள் முழுவதும் நிற்க வைப்பார்களாமே? படிப்பு என்ன ஆகும்? அவளுக்கு நல்ல மரக் கிளாரினெட் ஒன்று வாங்கிக் கொடுக்கலாமா? பெற்றோராக நாங்கள் செய்ய வேண்டியது என்ன?

பதில்: பதினான்கு ஆண்டுகளாக டெக்சாஸ் பள்ளிகளில் கிளாரினெட், சாக்சபோன் பிரிவுகளுக்குப் பயிற்சி தருகிறேன். ஒவ்வொரு ஜூலையிலும் நம் ஊர்ப் பெற்றோர் சிலராவது இதே கேள்விகளோடு வருவார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு விஷயம் புரிந்தால் மற்றவை தாமாகவே விளங்கிவிடும்.

மைதானத்தில் நடந்தபடியே உருவங்கள் அமைத்து வாசிப்பதுதான் மார்ச்சிங் பேண்ட். அதில் உங்கள் மகளுக்கு ஒரு 'டாட்' தருவார்கள். டாட் என்றால் புள்ளி, அதாவது அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் அவள் நிற்க வேண்டிய இடம். 'முதல் பக்கம், 35 கெஜக் கோட்டிலிருந்து இரண்டு அடி வெளியே, முன் ஹேஷ் கோட்டுக்குப் பின்னால் ஆறு அடி' என்பது போல அது எழுதப்பட்டிருக்கும். முதல் பக்கம் என்பது பார்வையாளர் பக்கமிருந்து பார்த்தால் மைதானத்தின் இடப் பாதி. ஹேஷ் என்பது மைதானத்தின் நீளவாக்கில் போகும் குறிக்கோடு. இங்கே அடி என்பது நீள அளவு அல்ல, எடுத்து வைக்கும் காலடி. ஐந்து கெஜத்தை எட்டுக் காலடியில் கடக்க வேண்டும் என்பது கணக்கு. ஆகவே ஒரு காலடி சரியாக 22.5 அங்குலம். ஏழெட்டு நிமிட நிகழ்ச்சிக்குள் இப்படிப் பல டஜன் புள்ளிகள் வரும். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு எத்தனை எண்ணிக்கையில், எந்தப் பாதையில், எந்தச் சுரத்தை ஊதிக்கொண்டு போக வேண்டும் என்பது முழுக்க மனப்பாடமாக இருக்க வேண்டும். பாட்டுப் படித்த வீடானால் இது எளிதாகப் புரியும். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையைத் தொடையில் தட்டிப் பழகிய பிள்ளைகள், எட்டு எட்டாக எண்ணி நடப்பதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கால்பந்து அணியில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் மாற்று ஆட்டக்காரர் இறங்குவார். பேண்டில் பெரும்பாலும் அப்படி யாரும் தயாராக நிற்பதில்லை. உங்கள் மகள் வராத நாளில் அந்த வளைவில் ஓட்டை விழும். பக்கத்தில் நிற்பவர் இடைவெளியை எங்கிருந்து அளப்பது என்று தெரியாமல் தடுமாறுவார். மைதானத்தில் இருநூறு பேர் இருந்தாலும் இதுதான் நிலை. பள்ளியிலிருந்து இத்தனை மின்னஞ்சல்கள் வருவதும், பத்து நிமிடத் தாமதத்துக்கும் கண்டிப்பு காட்டுவதும் இதனால்தான்.

எனவே உங்கள் முதல் வேலை நாட்காட்டி. பயிற்சி முகாம் பெரும்பாலும் ஜூலை இறுதியிலோ ஆகஸ்ட் முதல் வாரத்திலோ தொடங்கும். நடை, திரும்பல், புள்ளியைக் கண்டுபிடிப்பது என அடிப்படை முழுவதையும் அந்த இரண்டு மூன்று வாரங்களில்தான் கற்றுத் தருவார்கள். நம்மவர்கள் இடறுவது இங்கேதான். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டு, டிக்கெட் மலிவு என்று ஆகஸ்ட் இரண்டாம் வாரம் திரும்புவார்கள். என் பிரிவில் ஒரு பெண் அப்படித்தான் முகாமைத் தவறவிட்டாள். அருமையாக வாசிப்பவள். வந்தபோது புள்ளிகள் எல்லாம் பங்கிடப்பட்டிருந்தன. செப்டம்பர் முழுவதும் இன்னொரு மாணவிக்குப் பின்னால் நிழல்போல நடந்தாள். அவள் முகம் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. ஊர்ப் பயணத்தை ஜூனில் வைத்துக்கொள்ளுங்கள். தூக்கக் கணக்கு சரியாகவே ஒரு வாரம் பிடிக்கும் என்பதால் ஜூலை 20 வாக்கில் வீட்டில் இருப்பது நல்லது.

இலையுதிர் காலமும் அப்படியே. வெள்ளி இரவுகளில் கால்பந்து ஆட்டம், அக்டோபர் சனிக்கிழமைகளில் போட்டிகள். நவராத்திரியும் தீபாவளியும் பெரும்பாலும் இதற்கு நடுவில்தான் வரும். தமிழ்ப் பள்ளி ஆண்டு விழா, நடன அரங்கேற்றம், கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வு எல்லாம் போட்டி நாளோடு மோதக்கூடும். பேண்ட் டைரக்டர் தரும் பருவ அட்டவணையை ஜூலையிலேயே அச்சிட்டுச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். மோதல் ஏதாவது தெரிந்தால் உடனே டைரக்டருக்கு எழுதுங்கள். இரண்டு மாதம் முன்னால் சொன்னால் பெரும்பாலும் வழி கண்டுபிடிப்பார்கள். முந்தின நாள் இரவில் சொன்னால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

இனி வெயில். உங்கள் பயம் நியாயமானது. ஆகஸ்டில் இங்கே வெப்பம் 38 டிகிரியைத் தொடும். தார்த் தளத்திலும் செயற்கைப் புல்லிலும் அதைவிட அதிகம். பொறுப்புள்ள பள்ளிகள் வெளிப் பயிற்சியைக் காலையிலும் மாலையிலும் வைத்து, நடுப்பகலில் குளிரூட்டிய அறைக்குள் இசையை மட்டும் பயிற்றுவிக்கும். உங்கள் பள்ளியின் ஏற்பாடு என்ன என்று தயங்காமல் கேளுங்கள். அவள் கையில் குறைந்தது அரை கேலன், அதாவது ஏறத்தாழ இரண்டு லிட்டர் கொள்ளும் தண்ணீர்க் கலன் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், முந்தின நாள் மாலையிலிருந்தே தண்ணீர் குடித்துவர வேண்டும். காலையில் ஒரே மூச்சில் குடித்துவிட்டு ஓடினால் பயனில்லை, வயிறுதான் புரட்டும். வெறும் வயிற்றோடும் அனுப்பாதீர்கள். இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம் போதும். ஊதுவதற்கு முன் பாலும் தயிரும் வேண்டாம், சிலருக்குத் தொண்டை பிசுபிசுப்பாகத் தோன்றும். வீட்டுக்கு வந்ததும் உப்புப் போட்ட நீர்மோர் ஒரு பெரிய டம்ளர் கொடுங்கள். சர்க்கரைப் பானம் குடித்த வாயோடு கிளாரினெட்டைத் தொடக் கூடாது. அதன் துளைகளை மூடும் பேடுகள் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும்.

தலைவலி, குமட்டல், மயக்கம் வருவதுபோன்ற உணர்வு இருந்தால் அக்கணமே கையை உயர்த்திச் சொல்ல வேண்டும் என்று அவளிடம் அழுத்திச் சொல்லுங்கள். நம் பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், சொன்னால் பலவீனம் என்று நினைத்துப் பொறுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பொறுமை இங்கே ஆபத்து. பேச்சு குழறினாலோ, நிலைகுலைந்து நடந்துகொண்டாலோ அது வெப்பத் தாக்கு. 911 அழைத்து, ஆள் வரும்வரை தண்ணீராலும் பனிக்கட்டியாலும் உடம்பைக் குளிர்விக்க வேண்டும். ஆஸ்துமா, ஒவ்வாமை எதுவும் இருந்தால் மருத்துவப் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். இன்ஹேலர் அவள் பையிலேயே இருக்கட்டும்.

காலணி கயிறு கட்டும் ஓட்டக் காலணியாக இருக்க வேண்டும். குதிகாலை ஊன்றிப் பாதத்தை உருட்டி நடப்பதுதான் இந்த நடையின் உயிர். தளர்வான செருப்பில் அதைச் செய்தால் கணுக்கால் பிசகும். நிகழ்ச்சிக்கான தனிக் காலணியைப் பள்ளியே அளவெடுத்து வரவழைக்கும். சீருடை பொதுவாகப் பள்ளியில்தான் இருக்கும். நீங்கள் தர வேண்டியது கறுப்பு நீளக் காலுறையும் உள்ளே போடும் மெல்லிய உடையும். நீளப் பின்னல் இருந்தால் முழுவதும் தொப்பிக்குள் அடங்கும்படி கொண்டை போட இப்போதே பழக்கிவிடுங்கள். தோடு, மூக்குத்தி, வளையல் எல்லாம் நிகழ்ச்சியின்போது கழற்றச் சொல்வார்கள். வேனில் விடுமுறையில் புதிதாக மூக்குக் குத்தும் எண்ணம் இருந்தால் பருவம் முடியும்வரை தள்ளிப்போடுங்கள்.

மரக் கிளாரினெட்டை இப்போது வாங்க வேண்டாம். வாங்கினாலும் மைதானத்துக்கு அனுப்பவே கூடாது. வெயிலும் திடீர்க் குளிரும் மழையும் பட்டால் மரம் வெடிக்கும். நடுநிலைப் பள்ளியில் வாசித்த அந்த பிளாஸ்டிக் கிளாரினெட்தான் மார்ச்சிங்குக்கு ஏற்றது. ஒருமுறை பேடுகளைச் சரிபார்த்து வாங்கினால் போதும். நவம்பரில் பருவம் முடிந்து கச்சேரிப் பருவம் தொடங்கும்போது, அவள் ஆசிரியரையும் அழைத்துப் போய் மரக் கருவியைத் தேர்ந்தெடுங்கள். பூட்டிய காரில் எந்தக் கருவியையும் விட்டு வைக்காதீர்கள்.

படிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். இந்த மாநிலத்தில் பள்ளிப் போட்டிகளை நடத்தும் யூ.ஐ.எல். அமைப்பின் விதிப்படி, பள்ளி வாரத்தில் வகுப்பு நேரத்துக்கு வெளியே எட்டு மணி நேரத்துக்கு மேல் பயிற்சி வைக்க முடியாது. வெள்ளி இரவு ஆட்டமும் சனிக்கிழமையும் இந்த எட்டு மணியில் சேராது என்பதை நினைவில் வையுங்கள். 1984 முதல் இங்கே இன்னொரு சட்டமும் இருக்கிறது. மதிப்பெண் காலத்தின் முடிவில் ஒரு பாடத்தில் 70க்குக் கீழே போனால், குறைந்தது மூன்று வாரம் மேடை ஏற முடியாது. பயிற்சிக்கு மட்டும் வரலாம். கடினமான மேம்பட்ட வகுப்புகள் சிலவற்றுக்கு விலக்கு உண்டு. அவை எவை என்பதைப் பள்ளியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த மூன்று வாரமும் மைதானத்தில் ஓர் ஓட்டை இருக்கும். அதனால் டைரக்டர்களே மதிப்பெண்ணைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிப்பார்கள். பெற்றோர் அலட்டிக்கொள்ளத் தேவை குறைவு.

உங்கள் மனதில் இருக்கும் அடுத்த கேள்வி தரவரிசை என்று ஊகிக்கிறேன். 1997இல் வந்த சட்டப்படி, வகுப்பின் முதல் 10 சதவீதத்தினருக்கு மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம் கிடைக்கும். ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் மட்டும் 2026 இலையுதிர் சேர்க்கையிலிருந்து அதை முதல் 5 சதவீதமாக்கிவிட்டது. கடினமான வகுப்புகளுக்குச் சராசரியில் தரும் கூடுதல் மதிப்பு, பேண்ட் வகுப்புக்குப் பல பள்ளி மாவட்டங்களில் கிடையாது. அதனால் சராசரி சற்றே இறங்கலாம். பேண்ட் மதிப்பெண்ணைத் தரவரிசையில் சேர்க்காத மாவட்டங்களும் உண்டு. உங்கள் பள்ளி ஆலோசகரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள். மறுபக்கம், இலையுதிர்கால மார்ச்சிங் பேண்டை உடற்கல்விப் பாடத்துக்கு ஈடாக ஏற்க இம்மாநிலத்தில் வழி உண்டு. அதனால் கால அட்டவணையில் ஓர் இடம் மிச்சமாகும்.

கட்டணம் பள்ளிக்குப் பள்ளி மாறும். சில நூறு டாலரில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டும் இடங்களும் உண்டு. ஒரே தடவையில் கட்ட முடியாவிட்டால் தவணை கேளுங்கள். அதுவும் கடினம் என்றால் டைரக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். பணம் இல்லாததால் ஒரு பிள்ளை ஒதுங்கி நிற்பதை நான் அறிந்த எந்த டைரக்டரும் விரும்பியதில்லை.

பூஸ்டர் கிளப் என்பது பெற்றோரே நடத்தும் லாப நோக்கமற்ற சங்கம். சீருடைக்கு ஊசி நூல் பிடிப்பது, மைதான ஓரத்தில் நிற்கும் மரிம்பா போன்ற பெரிய தாளக் கருவிகளை லாரியிலிருந்து இறக்கித் தள்ளுவது, பஸ்ஸில் துணைக்குப் போவது, ஆட்டத்தன்று சிற்றுண்டிக் கடை நடத்துவது எல்லாம் அவர்கள்தான். உதவிக்கு வரும் பெற்றோருக்கான பின்னணிச் சோதனைக்கு நாளாகும், ஜூலையிலேயே விண்ணப்பியுங்கள். இங்கே நம்மவர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டுக் காரிலேயே காத்திருக்கும் பழக்கம் நமக்கு அதிகம். ஆங்கில உச்சரிப்பு என்ன ஆகுமோ, யாரையும் தெரியாதே என்ற கூச்சம்தான் காரணம். லாரியில் பெட்டி ஏற்றுவதற்கு உச்சரிப்பு தேவையில்லை. ஒரே ஒரு மாலை போய்வாருங்கள். போட்டி நாள் உணவில் சைவத்துக்கு என்ன உண்டு என்று கேட்கவும் அங்கே ஆள் கிடைக்கும். நீங்கள் கேட்டால் இன்னும் பத்துப் பிள்ளைகளுக்கும் அது கிடைக்கும்.

முகாமின் முதல் வாரத்தில் அவள் அழுதுகொண்டு வரக்கூடும். 'எனக்கு வேண்டாம்' என்பாள். அன்று முடிவெடுக்காதீர்கள். முதல் ஆட்டத்தின் இடைவேளை நிகழ்ச்சி முடியட்டும், பிறகு பேசலாம் என்று சொல்லுங்கள். உடல்வலிக்கும் களைப்புக்கும் இது சரியான பதில். மூத்த மாணவர்கள் யாராவது இழிவுபடுத்தினாலோ, 'இது மரபு' என்று சொல்லி எதையாவது கட்டாயப்படுத்தினாலோ பொறுக்க வேண்டாம். டெக்சாஸில் அது குற்றம். அன்றே டைரக்டரிடம் சொல்லுங்கள்.

ஆட்டத்துக்கு நீங்களும் வாருங்கள். அமெரிக்கக் கால்பந்து புரியாவிட்டாலும் பரவாயில்லை. 50 கெஜக் கோட்டுக்கு நேரே, முடிந்தவரை மேல் வரிசையில் உட்காருங்கள். உருவங்கள் விரிவதும் சேர்வதும் கீழிருந்து தெரியாது. நிகழ்ச்சிக்குப் பின் மூன்றாம் கால் ஆட்டத்தில் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஓய்வு கொடுப்பார்கள். அதுவரை அவர்கள் வரிசைக்குப் போய் உணவு நீட்டாதீர்கள். கிளம்பும் முன் அவளிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: தொடக்கப் புள்ளி எது என்று. ஒரே தொப்பி, ஒரே இறகு, ஒரே உயரம் போல இருநூறு பேர் நடந்து வரும்போது பெற்ற தாய்க்கும் மகள் தெரியமாட்டாள். முதல் பக்கம் 35 கெஜக் கோட்டில் கண்ணை வைத்திருங்கள். அவள் அங்கே வந்து நிற்பாள்.