‘கோயிங்’ முற்றா, எச்சமா?

ஆங்கில இலக்கணம் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். வினைச்சொல் பற்றிய கேள்விகளே அதிகம் வந்திருப்பதால் பதில்களும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கின்றன.

கே: நாங்கள் படித்தபோது பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச் (சொல் வகைகள்) எட்டு. மகளின் புத்தகத்தில் ‘டிட்டர்மினர்’ என்று புதிதாக ஒன்று இருக்கிறது. எது சரி? – இல்லத்தரசி, தஞ்சாவூர்

ப: எட்டு என்ற எண் ஆங்கிலத்துக்காகப் பிறந்தது அல்ல. பழைய கிரேக்க இலக்கண மரபு சொற்களை எட்டாகப் பிரித்தது. அந்தப் பட்டியலில் ஆர்ட்டிகிள் (‘தி’ போன்ற சொல்) உண்டு, அட்ஜெக்டிவ் (பெயரடை) தனியாக இல்லை. லத்தீனில் ஆர்ட்டிகிளே கிடையாது. அதனால் லத்தீன் இலக்கணக்காரர்கள் அதை எடுத்துவிட்டு, ‘ஐயோ!’ போன்ற உணர்ச்சிச் சொல்லான இன்டர்ஜெக்‌ஷனைச் சேர்த்து எட்டை நிரப்பினார்கள். அட்ஜெக்டிவ் பெயர்ச்சொல்லிலிருந்து பிரிந்து தனி வகையானது அதற்கும் வெகுகாலம் கழித்துத்தான். ஆகவே எட்டும் சரி, ஒன்பதும் சரி. எந்தச் சொல் என்ன வேலை செய்கிறது என்பதுதான் முக்கியம்.

டிட்டர்மினரைப் பிரித்ததில் உங்கள் மகளுக்கு நிஜமான பயன் உண்டு. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்து எது, யாருடையது, எவ்வளவு என்று காட்டும் ‘எ’, ‘தி’, ‘திஸ்’, ‘மை’, ‘எவ்ரி’, ‘சம்’ போன்றவைதான் டிட்டர்மினர். இவை பழைய கணக்கில் ஆர்ட்டிகிள் என்றும் அட்ஜெக்டிவ் என்றும் சிதறிக் கிடந்தன. ஆனால் அட்ஜெக்டிவை எத்தனை வேண்டுமானாலும் அடுக்கலாம்: ‘பிக் ஓல்டு ரெட் பஸ்’. ‘தி’, ‘திஸ்’, ‘மை’ ஆகிய மூன்றில் இரண்டை அடுக்க முடியாது. ‘என்னுடைய இந்தப் புத்தகம்’ என்று தமிழில் தாராளமாகச் சொல்கிறோம். அதை ‘மை திஸ் புக்’ என்று மாற்றினால் தவறு, ‘திஸ் புக் ஆஃப் மைன்’ என்பதே சரி. ‘என் நண்பர் ஒருவர்’ என்பதற்கு ‘மை ஒன் ஃபிரெண்ட்’ என்று நம்மவர்கள் சொல்வதும் இதைப் போன்ற கோளாறுதான். ‘எ ஃபிரெண்ட் ஆஃப் மைன்’ அல்லது ‘ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்ஸ்’ என்று சொல்லுங்கள். இரண்டாவதில் கடைசி ‘ஸ்’ விழுந்துவிடக் கூடாது. பலரில் ஒருவர் என்றால் அங்கே பன்மை வேண்டும்.

கே: ‘பேக்’ என்ற சொல்லை அகராதியில் பார்த்தால் நான்கு வகை போட்டிருக்கிறது. எதை எடுத்துக்கொள்வது? – பத்தாம் வகுப்பு மாணவர், விருதுநகர்

ப: நான்கையும். ‘படி’ என்பது மாடிப்படியா, பாடத்தைப் படி என்ற ஏவலா? வாக்கியத்தில் வைத்தால்தான் தெரியும். அதுபோல ‘மை பேக் ஹர்ட்ஸ்’ என்பதில் பெயர் (முதுகு), ‘பேக் டோர்’ என்பதில் அட்ஜெக்டிவ், ‘கம் பேக்’ என்பதில் அட்வெர்ப், ‘ஐ பேக் யூ’ என்பதில் வினை. சொல்லை மட்டும் தனியே கொடுத்து ‘இது எந்த வகை?’ என்று கேட்டால் பல சொற்களுக்கு விடையே கிடையாது. வாக்கியத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கே: ‘ஹி கோயிங் டு ஸ்கூல்’ தவறு என்கிறார்கள். கோயிங் வினைச்சொல்தானே? ஜெரண்ட், பார்ட்டிசிபிள் என்ற இரண்டும் எனக்குக் குழப்பமே. – போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், சேலம்

ப: ஆங்கில வினையைப் புரிந்துகொள்ளத் தேவையான திறவுகோல் தமிழ் வகுப்பில் உங்களுக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டது: முற்று, எச்சம். ‘அவன் பள்ளிக்குப் போய்க்கொண்டு...’ என்று ஒருவர் நிறுத்திவிட்டால் எதிரில் இருப்பவர் ‘ம், அப்புறம்?’ என்பார். ‘இருக்கிறான்’ வந்தால்தான் வாக்கியம் முடிகிறது. ‘கோயிங்’ என்பது அந்தப் ‘போய்க்கொண்டு’, ‘இஸ்’ என்பது ‘இருக்கிறான்’. ஆங்கிலத்தில் ‘இங்’ வடிவம் ஒருபோதும் தனியாக முற்றாகாது. ஒவ்வொரு முழு வாக்கியத்திலும் ஒரு முற்றுவினையைத் தேடிப் பாருங்கள். காலம் காட்டும் சொல் அதுதான். அது இல்லையென்றால் வாக்கியம் அந்தரத்தில் நிற்கிறது.

இனி ‘இங்’ வடிவத்தின் மூன்று வேலைகள். ‘ரன்னிங் வாட்டர்’ என்றால் ஓடுகிற தண்ணீர், அதாவது பெயரெச்சம். ‘ஹி இஸ் ரன்னிங்’ என்பதில் ஓடிக்கொண்டு, வினையெச்சம். இவை இரண்டும் பார்ட்டிசிபிள். ‘ரன்னிங் இஸ் குட்’ என்றால் ஓடுவது நல்லது, தொழிற்பெயர். இதுதான் ஜெரண்ட். சந்தேகம் வரும்போது தமிழாக்கிப் பாருங்கள். ‘ஸ்லீப்பிங் பேபி’ தூங்குகிற குழந்தை. ‘ஸ்லீப்பிங் பேக்’ தூங்குகிற பை அல்ல, தூங்குவதற்கான பை. முதலாவது பார்ட்டிசிபிள், இரண்டாவது ஜெரண்ட்.

தேர்வில் அதிகம் கேட்கப்படும் ‘லுக் ஃபார்வர்ட் டு’ இங்கேதான் வருகிறது. ‘டு’ வந்தாலே வினையின் அடிவடிவம் வர வேண்டும் என்று நினைத்து ‘டு மீட் யூ’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘டு’வுக்குப் பிறகு ‘இட்’ போட்டுப் பாருங்கள். ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு இட்’ பொருந்துகிறது. அப்படியானால் அந்த ‘டு’ ப்ரிபோசிஷன், அதன் பின்னால் பெயர்தான் வரும். எனவே தொழிற்பெயரான ‘மீட்டிங்’. ‘ஐ வான்ட் டு இட்’ பொருந்தாது. அங்கே ‘மீட்’.

‘கோ–வெண்ட்–கான்’ (வி1, வி2, வி3) என்பதில் கடைசியாக வரும் மூன்றாம் வடிவத்தையும் இதே கண்ணோடு பார்க்கலாம். ‘பாயிலிங் வாட்டர்’ கொதித்துக்கொண்டிருக்கிற நீர், ‘பாயில்ட் வாட்டர்’ கொதிக்கவைத்த நீர். ஒரு விகுதி வித்தியாசத்தில் குழந்தையின் நாக்கு வெந்துபோகும். ‘ஐ ஆம் போர்ட்’ என்றால் எனக்குச் சலிப்பாக இருக்கிறது. ‘ஐ ஆம் போரிங்’ என்றால் நான் பிறரைச் சலிப்படையச் செய்கிறவன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ‘வாக்கிங் டு ஸ்கூல், தி ரெயின் ஸ்டார்ட்டட்’ என்ற வாக்கியம் ஏன் தவறு? ‘பள்ளிக்கு நடந்து மழை பெய்தது’ என்று தமிழில் சொல்லிப் பாருங்கள், காது உடனே மறுக்கும். ‘நடந்து’ என்ற எச்சத்துக்கும் ‘பெய்தது’ என்ற முற்றுக்கும் எழுவாய் ஒன்றாக இல்லை. ‘நடந்து போகும்போது மழை பெய்தது’ என்பதுபோல ‘வென் ஐ வாஸ் வாக்கிங் டு ஸ்கூல்’ என்று எழுவாயைக் கொடுத்துவிட வேண்டும்.

கே: ‘டிட் நாட் வெண்ட்’ என்று பிள்ளைகள் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். வி1, வி2, வி3 பட்டியலை மனப்பாடம் செய்தும் பயனில்லை. – தொடக்கப்பள்ளி ஆசிரியை, கடலூர்

ப: பட்டியல் வடிவங்களைத்தான் தருகிறது, அவற்றின் வேலையைச் சொல்வதில்லை. ‘போனேன்’ என்பதன் எதிர்மறை என்ன என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். ‘போகவில்லை’ என்பார்கள். ‘போனவில்லை’ என்று எந்தக் குழந்தையும் சொல்லாது. ‘இல்லை’ வந்ததும் வினை ‘போக’ என்ற காலமில்லாத வடிவத்துக்குத் திரும்பிவிடுகிறது. ஆங்கிலத்திலும் ‘டிட்’ வந்ததும் வினை ‘கோ’ ஆகிவிடுகிறது. காலத்தை ‘டிட்’ சுமக்கிறது, ஒரு சுமையை இருவர் தூக்க வேண்டியதில்லை. ‘டஸ் நாட் கோஸ்’ தவறாவதும் இதனால்தான். அந்த ‘ஸ்’ ‘டஸ்’ என்பதற்குள் போய்விட்டது. கரும்பலகையில் ‘ஹி வெண்ட்’ என்று எழுதி, அதை ‘டிட் + கோ’ என்று பிரித்துக் காட்டி, நடுவில் ‘நாட்’ நுழைத்துக் காட்டுங்கள். கேள்விக்கும் அதே பிரிப்பு, ‘டிட்’ முன்னால் போகிறது, அவ்வளவே.

வடிவங்கள் ஐந்து: ‘கோ, கோஸ், வெண்ட், கான், கோயிங்’. எல்லா வினைக்கும் ஐந்தும் தனித்தனியாக இருக்காது. ‘புட்’ என்பதற்கு ‘புட், புட்ஸ், புட்டிங்’ என மூன்றே. ‘மஸ்ட்’ ஒன்றோடு நின்றுவிடும். ‘பி’ மட்டும் எட்டு: ‘பி, ஆம், இஸ், ஆர், வாஸ், வேர், பீன், பீயிங்’.

மனப்பாடத்துக்கு அகர வரிசைப் பட்டியல் மிக மோசமான துணை. ஒலியால் குழு பிரியுங்கள். ‘சிங்–சாங்–சங்’ போல ‘ரிங், டிரிங்க், ஸ்விம், பிகின்’. ‘பிரிங்–பிராட்’ போல ‘பை, திங்க், ஃபைட்’. மூன்று வடிவமும் எழுத்தில் மாறாத ‘கட், ஹிட், ஷட், ஹர்ட், காஸ்ட், ஸ்ப்ரெட்’ எல்லாமே ‘t’ அல்லது ‘d’ ஒலியில் முடிகிறவை என்பதைக் காட்டுங்கள், பாதி வேலை குறையும். (மறுதலை பொருந்தாது: ‘வெயிட்’ என்பது ‘வெயிட்டட்’ ஆகும். ‘ரீட்’ மட்டும் எழுத்தில் மாறாமல் உச்சரிப்பில் ‘ரெட்’ ஆகும்.)

உச்சரிப்பையும் அப்போதே திருத்திவிடுங்கள். ‘வாக்கெட்’ அல்ல, ‘வாக்ட்’. வினையடி ‘t’ அல்லது ‘d’ ஒலியில் முடிந்தால் மட்டும்தான் கூடுதல் அசை வரும்: ‘வான்டட்’, ‘நீடட்’.

கே: ‘ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே’ ஏன் தவறு? ‘பார்த்திருக்கிறேன்’ என்பதற்கு ‘ஹேவ் சீன்’ தானே? – வங்கி ஊழியர், கோவை

ப: பொருத்தம் நீங்கள் சொல்வதுதான். பார்த்து + இருக்கிறேன், ‘ஹேவ்’ + ‘சீன்’. வேறுபாடு, காலச்சொல்லைச் சேர்க்கும்போது வருகிறது. ‘போன வருடம் ஊட்டிக்குப் போயிருக்கிறேன்’ என்று தமிழ் அனுமதிக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ நிகழ்காலச் சொல், அதன் பக்கத்தில் முடிந்துபோன காலத்தைக் காட்டும் சொல் உட்காராது. ‘எஸ்டர்டே’, ‘லாஸ்ட் இயர்’, ‘டூ டேஸ் அகோ’, ‘இன் 2019’, இவற்றில் ஒன்று வந்தால் ‘ஐ சா ஹிம்’ என்று வி2 போடுங்கள். இன்னும் முடியாத ‘டுடே’, ‘திஸ் வீக்’ என்றால் ‘ஹேவ் சீன்’ தாராளமாக வரும்.

அலுவலகக் கடிதங்களில் இதைவிட அதிகமாகக் காணும் பிழை ‘ஹேட்’. ‘நேற்று கோயிலுக்குப் போயிருந்தேன்’ என்பது நமக்கு இயல்பான பேச்சு. அதை அப்படியே ‘ஐ ஹேட் கான் டு தி டெம்பிள் எஸ்டர்டே’ ஆக்குகிறோம். ஆங்கிலத்தில் ‘ஹேட்’ வர இன்னொரு பிந்திய நிகழ்ச்சி வேண்டும்: நான் போவதற்குள் ரயில் கிளம்பிவிட்டது, ‘தி டிரெயின் ஹேட் லெஃப்ட் வென் ஐ ரீச்ட் தி ஸ்டேஷன்’. இரண்டாவது நிகழ்ச்சி சொல்லிலோ சூழலிலோ இல்லையென்றால் ‘ஐ வெண்ட்’ போதும். ‘வி ஹேட் சென்ட் தி டாக்குமென்ட்ஸ் ஆன் மண்டே’ என்று எழுதினால், அதற்குப் பிறகு ஏதோ நடந்துவிட்டது போலிருக்கிறதே என்று படிப்பவர் காத்திருப்பார்.

‘பத்து வருடமாக இங்கே இருக்கிறேன்’ என்பது இதற்கு எதிர்ப்பக்கம். தமிழில் நிகழ்காலம், ஆங்கிலத்தில் ‘ஐ ஹேவ் பீன் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்’. நீளத்துக்கு ‘ஃபார்’, தொடங்கிய புள்ளிக்கு ‘சின்ஸ்’: ‘சின்ஸ் 2015’.

கே: ‘லை’, ‘லே’ இரண்டையும் எப்படி நினைவில் வைப்பது? – செவிலியர் பயிற்சி மாணவி, மதுரை

ப: தன்வினை, பிறவினை என்று. ‘லை’ தானாகப் படுத்தல், ‘லே’ ஒன்றைக் கிடத்துதல். ‘ரைஸ்’ எழுதல், ‘ரெய்ஸ்’ எழுப்புதல். ‘சிட்’ உட்கார்தல், ‘செட்’ வைத்தல். ‘ஃபால்’ விழுதல், ‘ஃபெல்’ மரத்தை வீழ்த்துதல். விழு–வீழ்த்து போல, இந்த இணைகளும் பழைய ஜெர்மானிய மொழியில் ஒரு விகுதி சேர்த்துப் பிறவினையாக்கியதால் உண்டானவை. விகுதி தேய்ந்துவிட்டது, உயிரொலியில் அதன் தடம் நிற்கிறது.

சிக்கல் என்னவென்றால், ‘லை’யின் இறந்தகாலமே ‘லே’: ‘லை–லே–லெயின்’. மற்றது ‘லே–லெய்ட்–லெய்ட்’. பொய் சொல்லும் ‘லை’ ஒழுங்கான வினை: ‘லை–லைட்–லைட்’. உங்கள் தொழிலில் நோயாளியிடம் ‘ப்ளீஸ் லை டவுன்’ என்று சொல்ல வேண்டும், ‘லே டவுன்’ அல்ல. பேச்சில் ஆங்கிலேயர்களும் அமெரிக்கர்களும் இதைக் குழப்புவதுண்டு. ஆனால் தேர்வுத்தாளில் அது செல்லாது.

கே: ‘ஷி லுக்ஸ் பியூட்டிஃபுலி’ என்று எழுதியதற்கு மதிப்பெண் போய்விட்டது. வினையை விளக்குவது அட்வெர்ப் தானே? – பிளஸ் டூ மாணவி, திருவண்ணாமலை

ப: தமிழில் ‘ஆன’ என்று முடிந்தால் அட்ஜெக்டிவ், ‘ஆக’ என்று முடிந்தால் அட்வெர்ப் என்பது நல்ல குறுக்குவழி. அழகான பெண், அழகாகப் பாடினாள். ஆனால் ‘அழகாக இருக்கிறாள்’ என்பதில் அது கைவிடும். அங்கே ‘அழகாக’ என்பது இருக்கும் விதத்தைச் சொல்லவில்லை, அவளைச் சொல்கிறது. ‘லுக், ஸ்மெல், டேஸ்ட், சவுண்ட், ஃபீல், சீம், பிகம்’ ஆகியவை எழுவாயையும் அதன் பண்பையும் இணைக்கும்போது லிங்க்கிங் வெர்ப் ஆகின்றன. வினைக்குப் பதிலாக ‘இஸ்’ போட்டுப் பாருங்கள். ‘ஷி இஸ் பியூட்டிஃபுல்’ பொருந்தினால் அட்ஜெக்டிவ். ‘சாம்பார் மணமாக இருக்கிறது’ என்பதற்கு ‘ஸ்மெல்ஸ் குட்’.

அதே ‘லுக்’ நிஜமாகவே பார்க்கும் செயலானால் அட்வெர்ப் வரும்: ‘ஷி லுக்ட் கேர்ஃபுலி அட் தி மேப்’. இங்கே ‘இஸ்’ பொருந்தாது.

‘லி’ என்ற முடிவையும் நம்பிவிடாதீர்கள். ‘ஃபிரெண்ட்லி’, ‘லோன்லி’ இரண்டும் அட்ஜெக்டிவ். ‘ஃபாஸ்ட்’, ‘ஹார்டு’ ‘லி’ இல்லாமலே அட்வெர்ப். ‘ஹி வொர்க்ஸ் ஹார்டு’ என்றால் கடுமையாக உழைக்கிறார், ‘ஹி ஹார்ட்லி வொர்க்ஸ்’ என்றால் ஏறக்குறைய வேலையே செய்வதில்லை என்று பொருள். வேலைக்கான பரிந்துரைக் கடிதத்தில் இந்த இரண்டும் இடம் மாறினால் ஒருவருக்கு வேலை போய்விடும்.

கே: டென்ஸ் பன்னிரண்டு என்கிறார்கள், சிலர் இரண்டுதான் என்கிறார்கள். – வாசகர், யாழ்ப்பாணம்

ப: எண்ணும் முறைதான் வேறு. செய்தேன், செய்கிறேன், செய்வேன் என்று தமிழ் மூன்று காலத்தையும் வினைக்குள்ளேயே இடைநிலை வைத்துக் காட்டுகிறது. ஆங்கில வினை தன் உருவத்தை மாற்றிக் காட்டுவது நிகழ்காலம், இறந்தகாலம் இரண்டை மட்டும். எதிர்காலத்துக்கு ‘வில்’ என்ற துணைவினையையோ ‘கோயிங் டு’வையோ கடன் வாங்குகிறது. ‘தி டிரெயின் லீவ்ஸ் அட் சிக்ஸ் டுமாரோ’ என்று நிகழ்கால வடிவமே எதிர்காலத்தைச் சொல்வதும் உண்டு. வடிவத்தை எண்ணுகிறவருக்கு இரண்டு. மூன்று காலங்களை சிம்பிள், கன்டினியுவஸ், பெர்ஃபெக்ட், பெர்ஃபெக்ட் கன்டினியுவஸ் என்ற நான்கால் பெருக்குகிறவருக்குப் பன்னிரண்டு. பள்ளித் தேர்வு பன்னிரண்டைக் கேட்கும், அதையே எழுதுங்கள்.