ரீபோர் செய்வதா, ரிங் மாற்றினால் போதுமா?

கேள்வி: எங்களிடம் 948 சீசீ எஞ்சின் கொண்ட மொறிஸ் மைனர் 1000 கார் ஒன்று உள்ளது. பெற்றோல் வராத தொண்ணூறுகளில் அப்பா அதை மண்ணெண்ணெயில் ஓட்டினார். இப்போது நீலப் புகை தள்ளுகிறது, ஒயிலும் குறைகிறது. கம்பிறசன் (சிலின்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பார்த்தபோது மூன்றாவது சிலின்டர் சதுர அங்குலத்துக்கு 85 றாத்தலும் மற்றவை 110 முதல் 120 றாத்தல் வரையும் காட்டின. ஒரு கராஜில் நான்கு சிலின்டர்களையும் 40 தௌவுக்கு (அங்குலத்தின் ஆயிரத்தில் 40 பங்கு) ரீபோர் செய்ய வேண்டும், அதாவது உட்சுவரை வெட்டி விட்டத்தைப் பெரிதாக்க வேண்டும் என்கிறார்கள். மற்றொரு கராஜில் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் செற்றை மாற்றினால் போதும் என்கிறார்கள். இருவருமே சிலின்டர்களின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றவில்லை. பிஸ்டன்களைத் தாங்களே வாங்கித் தருவதாகவும் முதலாமவர் சொல்கிறார். எதை நம்புவது?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: ஹெட்டைக் கழற்றாமல் சொல்லப்பட்டதால் இரண்டுமே இப்போதைக்கு ஊகங்கள்தான். ரீபோர் தேவையா என்பதைப் புகையோ சத்தமோ தீர்மானிக்க முடியாது. சிலின்டரின் உள்விட்டத்தை அளந்து பெற்ற எண்தான் தீர்மானிக்க வேண்டும். அந்த எண்ணை எழுதித் தரும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் செலவில்லாத ஒரு சோதனையைச் செய்யுங்கள். மூன்றாவது சிலின்டரின் பிளக் துவாரத்தினூடாக இரண்டு தேக்கரண்டி எஞ்சின் ஒயிலை விட்டு, மீண்டும் கம்பிறசன் பாருங்கள். அளவு நன்றாக உயர்ந்தால் ரிங்கிலோ சிலின்டர் சுவரிலோ தேய்மானம் இருக்கிறது. உயராவிட்டால் கசிவு பெரும்பாலும் வால்விலோ ஹெட் கஸ்கெற்றிலோ இருக்கும். நான்கு சிலின்டர்களும் ஒரே ஒயிலையும் ஒரே தூசியையும் கண்டவை என்பதால் தேய்மானம் வழக்கமாக எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வரும். ஆகவே ஒன்று மட்டும் இவ்வளவு இறங்கி நிற்பதைக் கண்டால், எரிந்துபோன ஒரு வால்வையோ முறிந்த ஒரு ரிங்கையோதான் நான் முதலில் சந்தேகிப்பேன். நீலப் புகைக்கும் இரண்டு காரணங்கள் உண்டு. அக்சிலேற்றரை அழுத்தி ஏற்றம் ஏறும்போது தொடர்ந்து வந்தால் ரிங்கையும், அக்சிலேற்றரை விட்டு ஓடிய பின் மீண்டும் மிதிக்கும்போது குபீரென்று வந்தால் வால்வின் தண்டு ஓடும் குழாயான வால்வ் கைட்டையும் பார்க்க வேண்டும்.

மண்ணெண்ணெய் பற்றி நீங்கள் எழுதியது பொருத்தமான தகவல். முழுமையாக ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலின்டர் சுவரிலுள்ள ஒயில் படலத்தைக் கழுவிக்கொண்டு எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டியான சம்ப்புக்குள் இறங்கி, அங்குள்ள ஒயிலையும் நீர்க்கச் செய்கிறது. அக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஓடிய கார்கள் பலவற்றின் சிலின்டர்கள் இதனாலேயே விரைவாகத் தேய்ந்தன. அவற்றில் சில பின்னர் ரீபோர் செய்யப்பட்டும் இருக்கும். எனவே ஹெட்டைக் கழற்றியதும் பிஸ்டன் தலையிலுள்ள கரியைச் சுரண்டிவிட்டு, அங்கே 020, 030, 040 போன்ற எண் (மூல அளவைவிட எத்தனை தௌ பெரியது என்பதைக் காட்டுவது) எதுவும் பொறிக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். ஒரு தௌ என்பது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.0254 மில்லிமீற்றர். உங்கள் எஞ்சினின் மூல விட்டம் 62.9 மில்லிமீற்றர். பிஸ்டனில் ஏற்கெனவே 040 என்று இருந்தால், 40 தௌவுக்கு ரீபோர் என்ற பேச்சே பொருளற்றது. அடுத்த வழி ஸ்லீவ் (சிலின்டருக்குள் இறக்கும் புதுக் குழாய்) போடுவதுதான்.

இனி அளவுக்கு வருவோம். சிலின்டர் எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தேய்வதில்லை. மேல் ரிங் ஏறி நின்று திரும்பும் இடத்தில் வெடிப்பின் அழுத்தமும் வெப்பமும் அதிகம், ஒயிலோ குறைவு; ஆகவே தேய்மானம் அங்கேதான் உச்சமாக இருக்கும். அதற்கு மேலே ரிங் தொடாத பகுதி தேயாமல் ஒரு வரம்பாக நிற்பதை விரல் நகத்தால் தடவினாலே உணரலாம். கீழே ரிங் எட்டாத பகுதியும் மூல அளவில் இருக்கும். பிஸ்டனை அதன் தண்டுடன் இணைக்கும் கஜன் பின்னுக்குக் குறுக்கான திசையில் பிஸ்டன் சுவரை அதிகம் அழுத்துவதால், வட்டம் முட்டை வடிவமாகிறது. எனவே ஒவ்வொரு சிலின்டரையும் மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களிலும், ஒவ்வொரு உயரத்திலும் கஜன் பின்னின் திசையிலும் அதற்குக் குறுக்காகவும் அளக்க வேண்டும். ஒரு சிலின்டருக்கு ஆறு அளவுகள். இதைச் செய்யாத லேத் பட்டறைக்கு புளொக்கைக் கொடுக்க வேண்டாம்.

உள்விட்டத்தை அளக்கும் போர் கேஜ் இல்லாத இடத்தில், இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான பீலர் கேஜ் ஒன்றைக் கொண்டே ஓரளவு கணிக்கலாம். பிஸ்டனில் இருந்து எடுத்த ஒரு ரிங்கைத் தனியே சிலின்டருக்குள் வைத்து, பிஸ்டனாலேயே சரிவில்லாமல் தள்ளி, அதிகம் தேய்ந்த உயரத்தில் அதன் வாய் இடைவெளியை அளவுங்கள். பிறகு அடிப்பகுதிக்குத் தள்ளி மீண்டும் அளவுங்கள். இரண்டுக்குமுள்ள வித்தியாசத்தை 3.14ஆல் வகுத்தால் விட்டத்தின் வித்தியாசம் கிடைக்கும். மேலே 0.95, கீழே 0.40 மில்லிமீற்றர் என்றால் விட்டத் தேய்மானம் ஏறத்தாழ 0.175 மில்லிமீற்றர், அதாவது 7 தௌ.

இந்த வகைப் பழைய கார் எஞ்சின்களுக்குப் பொதுவாகக் கைக்கொள்ளப்படும் வரையறை இது: தேய்மானம் 5 தௌவுக்கு உட்பட்டிருந்தால், சிலின்டரின் மேற்பகுதியிலுள்ள வரம்பை அகற்றி, சுவரைக் கல்லால் தேய்க்கும் ஹோனிங் செய்து புது ரிங் போடலாம், 8 முதல் 10 தௌவைத் தாண்டினால் ரீபோர்தான். வரம்பை அகற்றாமல் புது ரிங் போட்டால், அதன் கூர்மையான விளிம்பு வரம்பில் இடித்து ரிங் முறியும். பிஸ்டனின் ரிங் காடியும் உடையக்கூடும். ஹோனிங் சுவரில் குறுக்குக் கீறல்களைப் போட்டுத் தருமே தவிர, முட்டை வடிவத்தை வட்டமாக்காது. இடைப்பட்ட அளவு வந்தால், ஊருக்குள் மட்டும் ஓடும் காருக்கு ரிங் மாற்றிச் சில ஆண்டுகள் சமாளிக்கலாம் என்று பலர் சொல்வார்கள். கிராங்க் ஷாஃப்ட்டையும் அரைக்க வேண்டியிருந்து எஞ்சின் முழுதாக வெளியே வந்துவிட்டால், அந்தச் சிக்கனத்தை நான் ஏற்கமாட்டேன். கழற்றிப் பூட்டும் கூலியை இரண்டாவது முறையும் கொடுக்க நேரிடும். நகத்தில் சிக்கும் ஆழமான கீறல் இருந்தாலோ, அளவு எதுவானாலும் ரீபோர்தான்.

40 தௌ பற்றி எனக்குள்ள சந்தேகத்தையும் சொல்லிவிடுகிறேன். 8 தௌ தேய்மானம் முழுவதும் ஒரே பக்கத்தில் இருந்தால், பழைய மையத்தை விட்டு விலகாமல் அதை அழிக்க விட்டம் 16 தௌ கூட வேண்டும். ஆகவே மூல அளவைவிட 10 தௌ பெரிய பிஸ்டன் போதாது, 20 தௌ சரியாக இருக்கும். அதைத் தாண்டி நேரே 40க்குப் போவது, எதிர்காலத்தில் செய்யக்கூடிய ரீபோர்களை இன்றே வெட்டி எறிவதாகும். கையிருப்பில் 40 பிஸ்டன் செற் இருப்பதாலேயே சிலர் அப்படிச் சொல்வதுண்டு.

பிஸ்டன்களை நீங்களே வாங்குங்கள்; கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் விசாரிக்கலாம். ஆனால் புளொக் அளக்கப்பட்ட பிறகே வாங்க வேண்டும். வெட்டுவதோ பிஸ்டன்கள் கைக்கு வந்த பிறகே நடக்க வேண்டும். பிஸ்டன்களை ஒவ்வொன்றாக மைக்றோமீற்றரால் அளந்து, எந்தச் சிலின்டருக்கு எது என்று குறித்து, அந்தந்த பிஸ்டனுக்கு உரிய இடைவெளி விட்டே வெட்ட வேண்டும். கடைசிச் சிறு அளவை ஹோனிங்கிற்கு மிச்சம் வைக்கவும் வேண்டும். புளொக் திரும்பி வந்ததும் பெற்றோலால் துடைத்துவிட்டுப் பூட்டிவிடாதீர்கள். சவர்க்காரம் கலந்த வெந்நீரில் பிரஷ்ஷால் தேய்த்து, வெள்ளைத் துணியால் துடைத்தால் சாம்பல் நிறம் படியாத நிலை வரும்வரை கழுவி, உடனே ஒயில் தடவ வேண்டும்.

பற்றுச்சீட்டில் பிஸ்டன் அளவு, முடிவான சிலின்டர் அளவு, இடைவெளி ஆகிய மூன்றும் இருக்கட்டும். பிணக்கு ஏற்பட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பொருளோ சேவையோ பெற்ற 3 மாதங்களுக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிட வேண்டும். ஆலோசனைக்கு 1977 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.

கேள்வி: தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் ஹொண்டா ஜீஎக்ஸ்160 பம்பின் எஞ்சினும் புகைக்கிறது. அதற்கும் ரீபோர் செய்யலாமா?
– வாசகர், புன்னாலைக்கட்டுவன்

பதில்: செய்யலாம். அதன் மூல விட்டம் 68 மில்லிமீற்றர், 68.165 மில்லிமீற்றரைத் தாண்டினால் ரீபோர் தேவை. முதல் ஓவர்சைஸ் பிஸ்டன் மூல அளவைவிட 0.25 மில்லிமீற்றர் பெரியது. வெட்டுக் கூலி, பிஸ்டன், ரிங் எல்லாவற்றையும் கூட்டி, புது எஞ்சினின் விலையில் பாதியை நெருங்கினால் யோசியுங்கள். எதைச் செய்தாலும் எயார் ஃபில்டர் இல்லாமல் இறைக்க வேண்டாம். செம்மண் தூசி உள்ளே போனால் புதுச் சிலின்டரையும் அது அரைத்துவிடும். ஃபில்டரில் பஞ்சு இருந்தால் சவர்க்கார நீரில் கழுவி, உலர்ந்த பின் எஞ்சின் ஒயிலில் தோய்த்து, நன்றாகப் பிழிந்து பூட்டுங்கள்.